கேக்குதக்கா

போனில் ‘ஓம்’ சொல்லாத ஒரேயொரு யாழ்ப்பாணத்து ஆளை நான் உரும்பிராயில்தான் கண்டேன்.

நம்மவர்கள் போனை எடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. அந்தப் பக்கத்தில் ஒருவர் கதைக்க, இந்தப் பக்கத்தில் ஓம், ஓம், ஓமோம், ஓமண்ணை, ஓமெண்டுறன் என்று ஒரு தாளம் போய்க்கொண்டே இருக்கும். ஓம் என்றால் ஆம்தான், ஆனால் போனில் சம்மதம் என்று அதற்குப் பொருளில்லை. நான் இன்னும் இங்கேதான் நிற்கிறேன், லைன் அறவில்லை, கதையுங்கோ, அவ்வளவுதான். என் அம்மா காப்புறுதி விற்கிற ஒருவருடன் இருபது நிமிடம் ஓம் ஓம் என்று கதைத்து முடித்து, போனை வைத்துவிட்டு, “உவனிட்டை ஆர் எடுக்கிறது” என்பார்.

நான் உரும்பிராயில் கண்ட அக்கா அந்தத் தாளத்தைப் போடமாட்டார். நீங்கள் எவ்வளவு நேரம் கதைத்தாலும் இடைக்கிடை ஒரு சொல்தான் வரும். “கேக்குது.” அது காதில் விழுந்ததற்கான சாட்சி மட்டும். ‘ஓம்’ என்ற சொல்லை அவர் தனியே எடுத்து வைத்திருந்தார், விசேட நாளுக்கு மட்டும் எடுக்கிற சீலையைப் போல.

அந்தச் சொல்லை அவர் சொல்லாத இடத்தில் நான் அவர் பெயரில் எழுதிவிட்டேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அவரைக் கடைசியாகக் கண்டு இரண்டு மாரி போய்விட்டது.

அப்போது நான் டிப்ளோமா முடித்த சூட்டோடு, வீடு கட்டிக்கொடுக்கிற ஒரு கொந்திராத்துக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எல்லாரும் அவரை முதலாளி என்போம். உரும்பிராயில் தோட்டக்காணிகளுக்கு நடுவே ஒரு மாடிவீடு எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கனடாவில். ரொறன்ரோவில் இருந்தபடி ஒவ்வொரு கல்லையும் தானே வைப்பதுபோல் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசைக்காகத்தான் முதலாளி என்னை எடுத்தார். மேசன் வேலை எனக்குத் தெரியாது. ரவுட்டர் தெரியும், கமரா தெரியும், வரைபடங்களை எல்லாருடைய போனிலும் ஒரே நேரத்தில் திறக்கவைக்கத் தெரியும்.

அக்கா அங்கே ஓவசியர். வேலையை மேற்பார்த்து, இது சரி, இது பிழை, இனிப் போடலாம் என்று சொல்லவேண்டியவர். முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதாருக்கு மேல் முழுக்கை ஆண்சேட்டு, மஞ்சள் தொப்பி, தோள்பையின் பட்டியில் கொளுவியபடி ஓர் அளவுநாடா. வேலையாட்கள் முன்னால் ‘ஓவசியரம்மா’ என்பார்கள். பின்னால் வேறு பேர். அதை வைத்தது மணியண்ணை. வேலைத்தளத்தில் மூத்த மேசன், வாய்க்காரன், நாற்பது அடி தள்ளி நின்று பகிடி விட்டாலும் தெளிவாகக் கேட்கும். “கேக்குதக்கா வாறா, கையைக் காலை ஆட்டுங்கோடா.”

என் முதல் அழைப்பிலேயே நான் அவரைப் பிழையாக விளங்கினேன். நாளைக்கு எட்டு மணிக்கு ரவுட்டர் பூட்ட வருகிறேன், கேற் திறந்திருக்குமா என்று கேட்டேன்.

“கேக்குது.”

லைன் சரியில்லையாக்கும் என்று நினைத்து அதையே திரும்பவும் கத்திச் சொன்னேன்.

“கேக்குது எண்டனான். கேற்றைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன்.”

ஐந்து நிமிடத்தில் செய்தி வந்தது. ‘பார்த்தேன். திறந்திருக்கும்.’ இரண்டு முற்றுப்புள்ளிகள். போனில் முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு வசனம் என்றால் அது முடியவேண்டும்.

எனக்கு அந்த வேலை பிடித்த மாதிரி பிறகு எதுவும் பிடிக்கவில்லை. சாரக்கம்பின் உச்சியில் ரவுட்டரைக் கட்டினேன். மழை படாமல் அதற்கு ஒரு தண்ணீர்ப் போத்தலை வெட்டித் தொப்பி போட்டேன். வீட்டு முகப்பைப் பார்த்தபடி ஒரு கமரா, பின்வளவுக்கு ஒன்று. கொழும்பில் இருக்கிற எஞ்சினியர் ஒரு தூணை அரை அடி நகர்த்தினால், அவர் கை எடுப்பதற்குள் மணியண்ணையின் போனில் தூண் நகர்ந்திருக்கும். முன்பெல்லாம் பஸ்ஸில் சுருட்டிக் கொண்டுவந்த தாள்கள், எது புதுசு எது பழசு என்று தெரியாமல், அதன்மேல் தேத்தண்ணி ஊற்றி, பிறகு அந்தக் கறையை வைத்தே ‘தேத்தண்ணிப் படம்’ என்று பேர் சொல்லி. இனி அதெல்லாம் இல்லை. கல்லுக்கும் சீமெந்துக்கும் நடுவே ஒரு நரம்பு ஓடுகிறது, அதை நான் இழுத்திருக்கிறேன் என்று தோன்றியது. சாப்பிடக்கூட மறந்து திரிந்தேன்.

இந்த இடத்தில், அக்கா இதையெல்லாம் வேண்டாம் என்றார், பழைய ஆள், போனுக்குப் பயம் என்று எழுதினால் கதை இலேசாகப் போகும். உண்மை அதுவல்ல. எங்கள் எல்லாரிலும் அதை ஒழுங்காகப் பாவித்தது அவர்தான். கொங்கிறீட் ஊற்ற முன் கம்பிக்கட்டை நாலு பக்கமும் படம் எடுப்பார். ஒவ்வொரு படத்திலும் அளவுநாடா விரிந்து கிடக்கும். சுவருக்குள் மறைகிற தண்ணீர்க்குழாயை, பூசமுன், கதவிலிருந்து எத்தனை அடி என்று தெரிய எடுப்பார். “மூடினாப்பிறகு வாயாலை சொல்லுறது ஒண்டும் கணக்கில்லை” என்பார். ஒருமுறை படிக்கட்டுக்குப் பலகை அடித்து முடிகிற நேரம் அவர் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்து, எஞ்சினியர் முதல்நாள் பின்னேரம் ஒரு படியைக் கூட்டியிருக்கிறார் என்று கண்டுபிடித்தார். மணியண்ணை பழைய படத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு அடித்திருந்தார். பலகையை எல்லாம் திரும்பக் கழற்ற வேண்டியிருந்தது.

“அண்ணை, புதுப் படம் போனிலை வந்தது தெரியுமோ?”

“ஓம் பிள்ளை, ஓம். சத்தம் கேட்டது.”

“நான் கேட்டது சத்தத்தை இல்லை. திறந்து பாத்தனீங்களோ? இது ஓமோ, கேக்குதோ?”

தளம் முழுக்கச் சிரித்தது. மணியண்ணையும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. அன்றிலிருந்து ‘ஓமோ, கேக்குதோ’ எங்கள் எல்லாருடைய வாயிலும் வந்துவிட்டது. கடைக்குத் தேத்தண்ணிக்கு அனுப்பும்போதும் கேட்போம்.

ஒரு நாள் மதியம் மழைக்கு ஒதுங்கி, பூசாத அறை ஒன்றில் சீமெந்துப் பைகளின்மேல் இருந்தபோது நானே கேட்டுவிட்டேன். ஏனக்கா உங்களுக்கு ஓம் என்ற சொல்லோடு இப்படி ஒரு பகை?

அவர் சோற்றுப் பொதியை மடித்து வைத்தார். தான் ஒருக்கா ஓம் என்று சொல்லிப்போட்டேன் என்றார். கலியாணம் பேசிய காலத்தில் சுவிசில் இருந்து மாப்பிள்ளையின் தமையன் போன் எடுத்திருக்கிறார். உடுப்பிட்டியில் அக்காவின் வீடு இருக்கிற ஒடுங்கின ஒழுங்கைக்குள் சிக்னல் ஒரு கோடு, சிலவேளை அதுவும் இல்லை. கிணற்றுக்கட்டில் ஏறி நின்றுதான் கதைக்க வேண்டும். அந்த மனிதர் என்னவோ நீட்டிச் சொல்லிக்கொண்டு போக, இவர் லைன் அறாமல் இருக்க ஓம், ஓம், ஓம் என்று போட்டிருக்கிறார். கதைத்து முடித்துக் கிணற்றுக்கட்டால் இறங்கமுன் அங்கே எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, பிள்ளைக்குச் சம்மதமாம்.

“அந்த ஓமை அழிக்க எனக்கு ரெண்டு வருசம் பிடிச்சுது தம்பி” என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் பொதியைச் சுற்றின நூலை விரலில் இறுக்கிச் சுற்றிச் சுற்றி, விரல்நுனி வெளிறிப்போய் இருந்தது. கலியாணம் நடந்ததா, நடந்து அறுந்ததா என்று நான் கேட்கவில்லை. மழை விட்டதும் எழும்பிப் போய்விட்டார்.

அந்த மதியம்தான், அவர் வீட்டு ஒழுங்கைக்குச் சிக்னல் இழுக்க ஒரு அன்ரெனா பூட்டித் தருகிறேன் என்று சொன்னேன். “ஓமக்கா, வாற கிழமையே செய்யிறன்.” அவர் என்னைப் பார்த்தார். “இது ஓமோ, கேக்குதோ?” “ஓம்தான்.” அந்த வாற கிழமை வரவேயில்லை.

ஏனென்றால் எனக்கு அதைவிடப் பெரிய யோசனை ஒன்று வந்திருந்தது.

ஒவ்வொரு பின்னேரமும் கூட்டு அழைப்பு நடக்கும். கனடாக்காரர், கொழும்பு எஞ்சினியர், முதலாளி, அக்கா, நான். அரை மணித்தியாலம் எல்லாரும் ஒன்றாகக் கதைப்பார்கள். அடுத்த நாள் காலையில் யார் என்ன சொன்னார் என்று சண்டை. நான் ஒரு செயலியைக் கட்டமைத்தேன். அழைப்பைப் பதியும். பேச்சை எழுத்தாக்கும். எது முடிவு, யார் ஒப்புதல் என்று பட்டியல் போட்டு, ஒப்புதல் இருந்தால் பெயருக்கு நேரே பச்சைச் சரி ஒன்றும் போட்டு, அழைப்பு முடிந்த கையோடு எல்லாருடைய போனுக்கும் அனுப்பும். முதலாளி என் முதுகில் தட்டினார். கனடாக்காரர் தன் மச்சானுக்கும் காட்டினாராம்.

யந்திரத்துக்குத் தமிழ் தெரியும். எங்கடை தமிழ் தெரியாது. முதல் நாள் பட்டியலில் ‘வாறன்’ என்பது ‘மாறன்’ ஆகி, யாரோ ஒரு மாறன் சனிக்கிழமை கம்பி கொண்டுவருவதாக வந்தது. அக்காவின் பெயருக்கு நேரே ஐந்து இடத்தில் ‘கேக் இது’ என்று நின்றது. மணியண்ணை அதை உரத்து வாசித்தார். “கேக்குதக்கா எல்லாருக்கும் கேக் தாறாவாம், ஓடிவாங்கோ.” அக்காவே சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

ஆகவே யந்திரத்துக்கு நான் பாடம் எடுத்தேன். ஒரு பக்கம் எங்கடை சொல், மறுபக்கம் அதன் பொருள். ஏலாது என்பதற்கு இல்லை. பாப்பம் என்பதற்கு நிலுவை என்று போட்டேன், அது பெரும்பாலும் ஏலாதுதான் என்று தெரிந்தும். இப்படி நாற்பது ஐம்பது சொற்கள். கேக்குது என்ற சொல் வந்தது. அக்காவின் பெயருக்கு நேரே உள்ள கட்டம் நாள்தோறும் வெறுமையாகக் கிடப்பதும், ஒவ்வொரு நாளும் முதலாளி என்னைக் கூப்பிட்டு “உன்ரை யந்திரம் அவவை மட்டும் விடுதே” என்று கேட்பதும் நினைவுக்கு வந்தன. பட்டியலில் எல்லாரும் நிறைந்து அவர் ஒருவரால் பல்லுவிழுந்த மாதிரி இருந்தது. அவர் கேக்குது என்று சொன்ன காரியங்கள் பிறகு எப்படியும் நடக்கத்தானே செய்தன. அந்தச் சொல்லுக்கு எதிரே ‘ஓம்’ என்று தட்டினேன்.

ஒரு சொல். இரண்டு எழுத்து. அடுத்த நாள் முதல் பட்டியல் பச்சையாக வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தக் கிழமைகளில் எல்லாம் சின்னக் காரியங்கள், அக்கா எப்படியும் போய்ப் பார்த்து ‘பார்த்தேன். சரி.’ என்று தனியே எழுதிவிடுவார். அந்தப் பட்டியலை அவர் திறந்து வாசித்தாரோ தெரியாது. தன் சொல் தனக்குத் தெரியும் என்று விட்டிருப்பார்.

வீட்டு முகப்பில் ஒரு பல்கனி. கீழே தூண் இல்லாமல் சுவரிலிருந்து வெளியே நீளுகிற மாதிரி. கனடாக்காரரின் மனைவி எங்கோ ஒரு படத்தில் கண்டு ஆசைப்பட்டதாம். கொங்கிறீட் ஊற்றிய அன்றும் அடுத்த நாளும் விடாத மழை. கீழே இருபத்தைந்து முட்டுக்கம்புகள் அதைத் தாங்கிக்கொண்டு நின்றன. கொங்கிறீட் இறுகுமட்டும் அதன் கால்கள் அவைதான். ஊற்றும்போது எடுத்த மாதிரிக் கட்டிகளை நசுக்கிப் பார்த்து, பலம் வந்துவிட்டது என்று முடிவு வந்தால்தான் முட்டுக்கம்பைத் தொடலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையில் மேல்மாடி நிலத்துக்கு வந்த மாபிள் பெட்டிகளை, கீழிருந்து ஏற்ற வசதி என்று, பல்கனியின்மேல் அடுக்கியிருந்தார்கள்.

புதுவீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று. கனடாக்காரர் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டார். அன்று பின்னேர அழைப்பில் அவர் என் கமராவைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். வாசலை அந்தக் கம்புகள் மறைக்கின்றன, பந்தல்காரர் வந்து பார்க்கவேண்டும், பெயின்ற்காரர் நிற்கிறார். “பிள்ளை, அந்த முன்முட்டுகளை நாளைக்குக் காலமை கழட்டுவிக்கலாம்தானே?”

அக்கா உடுப்பிட்டியில், வீட்டில் இருந்தார். கிணற்றுக்கட்டில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். இரைச்சலுக்குள் அவர் குரல் வந்தது.

“கேக்குது.”

பிறகு லைன் அறுந்தது.

அவர் நித்திரைக்குப் போயிருப்பார், ஒன்றையும் யோசிக்காமல். அவர் ஓம் என்று சொல்லாதவரை அந்தத் தளத்தில் ஒரு கம்பும் அசையாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். எல்லாருக்கும். யந்திரத்தைத் தவிர.

காலையில் நான் யாழ்ப்பாணம் டவுனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கமராவுக்கு வயர் வாங்கிக்கொண்டு நின்றேன். கனடாக்காரர் போன் எடுத்தார். கமராவை எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது என்று கேட்டார். நான் உற்சாகமாக விளக்கினேன். நடுவில் அக்காவின் அழைப்பு வந்து வந்து போயிற்று. மூன்று தரம். முடித்துவிட்டு எடுப்போம் என்று விட்டேன். கனடாக்காரர் சொன்னதற்கெல்லாம் ஓம், ஓம் என்று போட்டுக்கொண்டு நின்றேன்.

அக்காவின் போனுக்குப் பட்டியல் அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது. ஒழுங்கையை விட்டு ஸ்கூட்டர் பெரிய ரோட்டில் ஏறியபின். நிறுத்திப் பார்த்திருக்கிறார். ‘முன்முட்டுகள் கழற்றல் – ஒப்புதல்: ஓவசியர்.’ பச்சைச் சரி. மணியண்ணைக்கு எடுத்திருக்கிறார். மணியண்ணையின் போன் ஆணியில் தொங்கிய சேட்டுப் பையில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எடுத்திருக்கிறார்.

“தம்பி, உதென்ன…” என்றார் கனடாக்காரர் என் காதுக்குள். அவர் திரையில் பார்த்ததை நான் பிறகு பார்த்தேன். என் கமரா மிகத் தெளிவான கமரா. பல்கனி விழுந்து புழுதி எழும்ப முன், மணியண்ணை ஒரு கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு யாருக்கோ எதையோ சொல்லிச் சிரிப்பதுகூடத் தெரியும்.

மணியண்ணை உயிர் தப்பினார். வலக்காலைப் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது.

மூன்றாம் நாள் முதலாளி எங்களைத் தளத்துக்கு அழைத்தார். பல்கனி இருந்த இடத்தில் கம்பிகள் சுவரிலிருந்து வளைந்து தொங்கின. கனடாக்காரர் முதலாளியின் கையில் திரையாக இருந்தார். முதலாளி பட்டியலை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். என் பட்டியலை முதல்தடவையாகத் தாளில் கண்டேன்.

“பிள்ளை, நீங்கள் அனுமதி குடுத்திருக்கிறியள். இஞ்சை கிடக்குது.”

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். அளவுநாடாவால் அளப்பதுபோல் அந்த வரியில் விரலை வைத்து இழுத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. சாட்சியைக் கேட்கிற மாதிரி.

“தம்பி, நீர் சொல்லும். நான் ஓம் எண்டு சொன்னனானோ?”

பதிவு என்னிடம் இருந்தது. இரண்டு இரவும் கேட்டிருந்தேன். கேக்குது, அதன்பின் இரைச்சல், அதன்பின் ‘பாத்…’ என்று ஒரு துண்டு, அதோடு அறுகிறது. பாத்துப்போட்டுச் சொல்லுறன். அந்த வசனத்தின் தலை மட்டும் உரும்பிராய்க்கு வந்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். திரையும் என்னைப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு முன் என் முதுகில் தட்டிய அதே ஆட்கள்.

“லிஸ்ற்றிலை அப்பிடித்தான் வந்திருக்கு அக்கா” என்றேன்.

பொய் ஒன்றும் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவர் தாளை நாலாக மடித்து முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. முதலாளி ஒரு கடிதத்தை நீட்டினார். அனுமதி கொடுத்தது தான்தான் என்று அக்கா கையெழுத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் இனி இங்கே வரவேண்டாம், வேறு எந்தத் தளத்திலும் எடுக்காதபடி தான் பார்த்துக்கொள்வேன் என்றார். நீளமாகச் சொன்னார்.

“கேக்குது” என்றார் அக்கா.

தொப்பியைக் கழற்றிச் சீமெந்துப் பையின்மேல் வைத்தார். கையெழுத்து வைக்கவில்லை. ஸ்கூட்டர் ஒழுங்கையால் திரும்புவது கமராவில் பதிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

குடிபூரல் தள்ளிப் போய், பல்கனி இல்லாமலே நடந்தது. அக்காதான் அனுமதி கொடுத்தார் என்று முதலாளி சொன்னது வலிகாமப் பகுதி முழுக்கப் போயிற்று. கட்டிட வேலைக்காரர் உலகம் சின்னது. நான் உண்மையை முதலாளியிடம் சொன்னேன், ஒன்றரை மாதம் கழித்து. அவர் கணக்கெடுக்கவில்லை. “கேக்குது எண்டால் என்ன, ஓம் எண்டால் என்ன, ரெண்டும் ஒண்டுதானேடா. முடிஞ்சதைக் கிண்டாதை.” அந்த மாதம் முடிய நான் வேலையை விட்டேன். அதை வீரம் என்று சொல்ல ஏலாது. வேறு வேலை கிடைத்திருந்தது.

மணியண்ணையைப் பார்க்க இரண்டு தரம் போய், ஒழுங்கை முகப்பில் நின்று திரும்பினேன். மூன்றாம் தரம் உள்ளே போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். யந்திரத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சொன்னேன். அவர் போர்வையின் தட்டையாகக் கிடந்த பக்கத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“அவவின்ரை கேக்குது ஓம் இல்லையெண்டு எனக்குத் தெரியாதே தம்பி. அந்தப் பேரை வைச்சவனே நான்தானே.” போர்வையை இழுத்துச் சரிசெய்தார். “காலமை போனைத் திறந்து பாத்தன். பச்சைச் சரி கிடந்தது. அட, கேக்குதக்காவும் கடைசியிலை ஓம் எண்டுட்டா எண்டு பொடியளுக்குச் சொல்லிச் சிரிச்சுக்கொண்டுதான் முதல் முட்டுக்கம்பை எடுத்தனான்.”

கமராவில் நான் கண்ட சிரிப்பு அதுதான்.

அவர்தான் அக்காவின் புது இலக்கத்தைத் தந்தார். தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா ஒவ்வொரு கிழமையும் வந்து பார்த்தாராம். அந்தக் காலைப் பற்றியோ முட்டுக்கம்பைப் பற்றியோ ஒரு நாளும் கதைக்கவில்லையாம். இப்போது எங்கும் வேலைக்குப் போவதில்லை என்று கேள்வி என்றார்.

இலக்கத்தை வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தேன். போன கிழமைதான் எடுத்தேன். மிக்சர் சுழல்கிற சத்தம், கம்பி வெட்டுகிற சத்தம், ஏதாவது ஒன்று பின்னால் கேட்காதா என்று முதலில் காது கொடுத்தேன். கோழி ஒன்று கத்தியது. யாரோ கிணற்றுத் துலாவில் தண்ணீர் அள்ளுகிற மாதிரி ஒரு கிறீச்சு.

எல்லாவற்றையும் சொன்னேன். கேக்குது என்ற சொல்லுக்கு எதிரே எதைத் தட்டினேன் என்று. ஏன் தட்டினேன் என்று. அன்ரெனாவைப் பற்றி. மூன்று அழைப்புகளைப் பற்றி. பதிவில் ‘பாத்…’ இருந்தது என்று. தளத்தில் அவர் என்னைக் கேட்ட நேரம் எனக்கு எல்லாம் தெரியும் என்று. முதலாளிக்கும் எஞ்சினியருக்கும் கனடாக்காரருக்கும் பதிவை அனுப்பி, எழுத்திலும் சொல்லத் தயார் என்று. இடையில் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம்மவர்கள் போடும் தாளம் இல்லாமல் ஒருவரிடம் கதைப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கிணற்றுக்குள் கதைப்பது போல.

கடைசியாகக் கேட்டேன். “அக்கா, என்னை மன்னிப்பியளோ?”

“கேக்குது.”

பாத்துப்போட்டுச் சொல்லுறன் என்று அவர் வழக்கமாக அடுத்ததாகச் சொல்கிற வசனத்துக்காகக் காத்து நின்றேன். துலா ஒருக்கா ஏறி இறங்கியது. கோழி திரும்பவும் கத்தியது. லைன் நல்ல தெளிவாக இருந்தது.